இருபது வயது ரெப்போவுக்குத் தாய்ப்பத்திரம் எங்கே?

ஒரு பழைய புராஜெக்ட்டில் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம். பணம் அனுப்பும் பகுதியில் ஒரு வரி கண்ணில் பட்டது: பதில் வரும்வரை 47 நொடி காத்திரு. 30 என்றால் புரியும், 60 என்றாலும் புரியும். 47 என்று யாராவது எழுதுவார்களா? கை தவறி அடித்திருப்பார்கள் என்று நானாகவே முடிவுகட்டி 30 ஆக்கினேன். டெஸ்ட் எல்லாம் பச்சை. இரண்டு நாள் கழித்து, ஒரே தொகை இரண்டு முறை போய்விட்டதாகப் புகார்கள் வர ஆரம்பித்தன.

அதற்குப் பிறகுதான் நான் மாற்றுவதற்கு முந்தைய அந்த வரியின் மேல் கிட் பிளேம் ஓட்டிப் பார்த்தேன். கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி; ஒரு வரியைக் கடைசியாக யார் எப்போது தொட்டார் என்று காட்டும் கட்டளை பிளேம். ஒன்பது வருடத்துக்கு முந்தைய கமிட், அதாவது செய்தியோடு சேர்த்துப் பதிந்த ஒரு மாற்றம். செய்தி நான்கே வரி. எதிர்முனை சர்வர் பதில் சொல்ல 45 நொடி வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் நாம் இணைப்பைத் துண்டித்தால், பணம் போயிருக்கும், ஆனால் போனது நமக்குத் தெரியாது. தெரியாததால் மறுபடி அனுப்பிவிடுவோம். அதனால் 45உடன் இரண்டு சேர்த்திருக்கிறேன். எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. எழுதி வைத்தது அப்படியே இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

ஒரு மென்பொருள் பத்து, இருபது வருடம் ஓடினால் இப்படிப்பட்ட கமிட்டுகள் ஆயிரக்கணக்கில், சில இடங்களில் லட்சக்கணக்கில் சேர்ந்துவிடும். ரெப்போவை, அதாவது நிரலும் அதன் வரலாறும் சேர்ந்த கிடங்கை, நம் கணினிக்கு நகலெடுப்பதுதான் குளோன்; அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய் வரலாம். ரெப்போவின் எடை ஜிபி கணக்கில் ஏறும். அப்போது ஒரு மீட்டிங்கில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்: "பழசை எல்லாம் வெட்டிப் போட்டுட்டு இன்னைக்குத் தேதியிலேர்ந்து புதுசா ஆரம்பிச்சா என்ன?" என் பதில், வேண்டாம். எடையைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. கிட் இப்போதுதான் கற்றவர்களுக்கும் புரியும்படி அந்த வழிகளைச் சொல்லப் பார்க்கிறேன்.

வரலாறு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் நிலம் வாங்கும் கதையைத்தான் சொல்வேன். விற்பவர் கையில் இருக்கும் பத்திரத்தை மட்டும் பார்த்து யாரும் பணம் கொடுப்பதில்லை. அவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு முன்னால் யார் என்று தாய்ப்பத்திரம் வரை கேட்போம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு பத்திரத்திலும் அதற்கு முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் எழுதியிருக்கும். அந்தச் சங்கிலி எங்காவது அறுந்திருந்தால் வக்கீல் தலையை ஆட்டிவிடுவார். கிட்டின் வரலாறும் இதே மாதிரிச் சங்கிலிதான். ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட்டின் எண்ணைத் தன் வயிற்றுக்குள் எழுதி வைத்திருக்கிறது.

அந்த எண் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், பின்னால் வரும் எல்லாமே அதில்தான் தொங்குகிறது.

நீங்கள் ஒரு கமிட் போடும்போது கிட் மூன்று வகைப் பொருள்களைச் சேமிக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் ஒன்று, அதற்கு பிளாப் என்று பெயர். எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் என்று சொல்லும் பட்டியல் ஒன்று, அது ட்ரீ. யார், எப்போது, ஏன், இதற்கு முந்தையது எது என்ற விவரத்தோடு மேலே உட்கார்வது கமிட். இந்த மூன்றுக்கும் அவற்றின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு 40 இலக்க அடையாளம் ஒன்று தருவார்கள். அதைத்தான் ஹாஷ் என்கிறோம். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கமிட்டுக்குள்ளும் முந்தையதன் ஹாஷ் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கமிட்டில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினால் அதன் ஹாஷ் மாறும். அதைச் சுட்டும் அடுத்த கமிட்டும் மாறும், அதற்கடுத்ததும் மாறும். இன்று காலை போட்ட கமிட் வரைக்கும் எல்லா எண்ணும் புதிது. பழைய வரலாற்றில் யாரும் சத்தமில்லாமல் கைவைக்க முடியாது என்பது இதனால் வரும் லாபம். தேவைப்பட்டு நாமே கைவைத்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும் என்பது இதன் விலை.

கமிட் ஒவ்வொன்றும் புராஜெக்ட்டின் முழுப் படம் என்றும் சொல்வார்கள். அப்படியானால் ஆயிரம் கமிட் போட்டால் ஆயிரம் மடங்கு இடம் ஆகாதா? ஆகாது. மாறாத கோப்புகளுக்குப் புது பிளாப் கிடையாது. ஏற்கெனவே இருப்பதையே புதுப் பட்டியலும் சுட்டும். மாறிய கோப்புக்கு மட்டும் ஒரு புது பிளாப், அது இருக்கும் ஃபோல்டரிலிருந்து மேலே வேர் வரைக்கும் புதுப் பட்டியல்கள், ஒரு கமிட். அவ்வளவுதான். ஆனால் மாறிய அந்த ஒரு கோப்பு முதலில் முழுசாகவே சேமிக்கப்படும். ஆயிரம் வரிக் கோப்பில் ஒரு வரி மாற்றினாலும் ஆயிரம் வரியும் சுருக்கி உள்ளே போகும்.

அதற்கு மருந்துதான் பேக் கோப்பு. தனித்தனியாகக் கிடக்கும் பொருள்கள் ஏறத்தாழ 6,700ஐத் தாண்டினால் கிட் தானாகவே வீடு பெருக்க ஆரம்பிக்கும். ஒன்றைப் போலவே இருப்பவற்றை அருகருகே அடுக்கி, ஒவ்வொன்றையும் பக்கத்தில் உள்ள பத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். பொதுவாகப் புதிய வடிவம் முழுசாக இருக்கும், பழையது வித்தியாசமாக மாறும். நாம் அடிக்கடி எடுப்பது புதியதைத்தானே. சமையலறையில் தினமும் எடுக்கும் பாத்திரம் கைக்கெட்டும் இடத்திலும் பண்டிகைப் பாத்திரம் பரணிலும் இருப்பது மாதிரி.

அதனால் கமிட்டின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் பத்து லட்சத்துக்கு மேல் கமிட்டுகள் இருக்கின்றன. அதை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சாதாரண லேப்டாப்பில் குளோன் செய்து வேலை பார்க்கிறார்கள். காரணம், அதில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க எழுத்து. எழுத்துக் கோப்பில் வித்தியாசம் பிடிப்பது எளிது.

ரெப்போவை வீங்க வைப்பவை வேறு. படங்கள், வீடியோ, ஜிப், கம்பைல் ஆன கோப்புகள், டேட்டாபேஸ் டம்ப். இவற்றில் பல ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஓர் ஓரத்தில் சின்னதாக மாற்றிச் சேமித்தாலும் உள்ளே பைட்டுகள் எல்லாம் இடம் மாறிவிடும். ஒப்பிட்டுப் பார்த்து மிச்சம் பிடிக்க எதுவும் அகப்படாது. 40 எம்பி டிசைன் கோப்பை ஐம்பது முறை திருத்திக் கமிட் போட்டால் கணக்கு நேரடிதான்: 2 ஜிபி. அந்த 2 ஜிபி இனிமேல் குளோன் எடுக்கும் ஒவ்வொருவரின் கணினியிலும் போய் உட்காரும், அவர் அந்த டிசைனைத் திறந்தே பார்க்காதவராக இருந்தாலும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருவர் அவசரத்தில் 600 எம்பி டம்ப் ஒன்றைக் கமிட் போட்டுப் புஷ் பண்ணிவிட்டார், அதாவது சர்வருக்கு அனுப்பிவிட்டார். கிட்ஹப்பாக இருந்திருந்தால் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். எங்களுடையது சொந்த சர்வர், அப்படி ஒரு வாட்ச்மேன் கிடையாது. மறுநாள் காலை பார்த்துப் பதறி, கோப்பை நீக்கி இன்னொரு கமிட் போட்டார். செய்தி: "தேவையில்லாத கோப்பு நீக்கப்பட்டது". ஃபோல்டரில் கோப்பு இல்லை. ரெப்போவின் எடையில் ஒரு பைட்டும் குறையவில்லை. நேற்றைய கமிட்டைக் கேட்டால் நேற்றைய நிலையைக் காட்ட வேண்டுமே, அதற்கு அந்த 600 எம்பி உள்ளே இருந்தாக வேண்டும். புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது: நீக்குவதும் வரலாற்றில் ஒரு பக்கம்தான், பழைய பக்கம் கிழிவதில்லை.

உண்மையிலேயே கிழித்தாக வேண்டும் என்றால் வரலாற்றைத் திருப்பி எழுத வேண்டும். அதற்கு இப்போது பயன்படுவது கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி. முன்பிருந்த ஃபில்டர்-பிராஞ்ச் மெதுவானது, பிசகினால் வம்பு. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கிட்டே எச்சரிக்கிறது. புதுக் கருவி வேலையைச் சில நிமிடத்தில் முடித்துவிடும். பிறகுதான் பாடு. முன்னே சொன்ன சங்கிலிக் கணக்குப்படி, அந்த டம்ப் நுழைந்த நாளிலிருந்து எல்லாக் கமிட்டுக்கும் புது எண். பக் டிக்கெட்டுகளிலும் மெயில்களிலும் எழுதி வைத்த பழைய எண்கள் எல்லாம் விலாசம் தெரியாத கடிதங்கள். எல்லோரும் தங்கள் குளோனை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். ஒரே ஒருவர், லீவில் இருந்தவர், பழைய குளோனிலிருந்து மெர்ஜ் பண்ணி, அதாவது தன் பழைய வரலாற்றைப் புதியதோடு இணைத்து, புஷ் பண்ணினால் போதும். துரத்தியடித்த டம்ப் கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்துவிடும். எங்களுக்கு அது நடந்தது. இரண்டாம் முறை சர்வரிலேயே பழைய எண்களை ஏற்க வேண்டாம் என்று பூட்டுப் போட்ட பிறகுதான் ஓய்ந்தது.

இதோடு ஒட்டியது கடவுச்சொல் விஷயம். தவறிப்போய்க் கடவுச்சொல் கமிட்டில் போய்விட்டால், வரலாற்றைத் திருத்துவதில் நேரத்தைச் செலவிடாமல் முதலில் அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். புஷ் ஆனதை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று உங்களால் எண்ண முடியாது.

பெரிய கோப்புகள் உண்மையிலேயே தேவைப்படும் புராஜெக்ட்டுகளும் உண்டு. கேம் செய்பவர்களிடம் போய்ப் படம் வைக்காதே என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு கிட் எல்எஃப்எஸ் இருக்கிறது. கோப்பு வேறு கிடங்கில் இருக்கும்; ரெப்போவுக்குள் அதன் அடையாளமும் அளவும் எழுதிய மூன்று வரிச் சீட்டு மட்டும் இருக்கும். கோப்புகளை ஃபோல்டரில் விரிக்கும் செக்-அவுட்டின்போது சீட்டைக் காட்டிப் பொருளை வாங்கிக்கொள்ளலாம். முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டால்தான் நல்லது. பாதியில் சேர்த்தால் ஏற்கெனவே உள்ளே போனவற்றுக்கு மறுபடி அந்தத் திருப்பி எழுதும் வேலைதான்.

எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம்

எடை குறைக்க இன்னொரு வழி, சர்வரில் முழு வரலாறும் இருக்கட்டும், நம் கணினிக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவருவோம் என்பது. வெட்டி எறியும் யோசனையைச் சொல்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஆழம் குறைந்த குளோன் என்று ஒன்று உண்டு. ஆழம் 1 என்று கேட்டால் கடைசிக் கமிட் மட்டும் வரும், அதற்குப் பின்னால் வெறும் சுவர். புஷ் பண்ணியவுடன் தானாக பில்டு ஓட்டும் சர்வர்களுக்கு இது போதும்; பில்டு முடிந்ததும் எப்படியும் அழிக்கப் போகிறார்கள். மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் கணினிக்கு இது சரிப்படாது. பிளேம் போட்டால் எல்லா வரியையும் கடைசிக் கமிட்டே எழுதியதாகச் சொல்லும். வெளியீடுகளுக்குக் கட்டிய பெயர்ச்சீட்டான பழைய டேக்கைப் பார்த்து வெர்ஷன் எண் கணக்கிடும் ஸ்கிரிப்ட் ஏதும் இருந்தால் அதுவும் விழித்துக்கொண்டு நிற்கும்.

மனிதர்களுக்கு ஏற்றது பகுதிக் குளோன். கமிட்டுகளும் பட்டியல்களும் எல்லாம் வந்துவிடும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும் வராது. கேட்கும்போது சர்வரிலிருந்து எடுத்துத் தரும். கமிட்டுகளின் பட்டியலான லாக் பார்க்கலாம், யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று தேடலாம், முழு வரலாறும் கையில் இருப்பது போலவே இருக்கும். பிளேம் போட்டால் மட்டும் முதல் முறை கொஞ்சம் யோசிக்கும், நெட் இல்லாத ரயிலில் கைவிட்டுவிடும். என் லேப்டாப்பில் பெரிய ரெப்போ எல்லாவற்றையும் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இந்த வசதிகள் வந்ததற்குப் பின்னால் மைக்ரோசாஃப்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 2017இல் அவர்கள் விண்டோஸின் மூலநிரலை கிட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 35 லட்சம் கோப்புகள், சுமார் 300 ஜிபி. குளோன் எடுக்கவே 12 மணி நேரத்துக்கு மேல். என்ன மாறியிருக்கிறது என்று ஸ்டேட்டஸ் கேட்டால் பத்து நிமிடம். இதைச் சமாளிக்க, கோப்பைத் திறக்கும்போது மட்டும் இறக்கித் தரும் ஒரு மெய்நிகர் கோப்பு அமைப்பை முதலில் கட்டினார்கள். பிறகு அதில் கற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டுக்குள்ளேயே சேர்த்தார்கள். குறிப்பிட்ட ஃபோல்டர்களை மட்டும் விரிக்கும் ஸ்பார்ஸ் செக்-அவுட், கமிட்டுகளின் உறவுமுறையைத் தனியே குறித்து வைத்து லாக்கை வேகமாக்கும் கமிட்-கிராஃப் போன்றவற்றில் அவர்கள் கை இருக்கிறது. இவற்றை எல்லாம் ஒரே கட்டளையில் அமைத்துத் தரும் ஸ்கேலார், 2022 அக்டோபரில் வந்த கிட் 2.38இலிருந்து கூடவே கிடைக்கிறது. உங்கள் ரெப்போ விண்டோஸ் அளவு இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், அவ்வளவு பெரிய ரெப்போவையே கிட்டில் சமாளிக்க முடிகிறது.

வைத்திருந்தால் போதுமா, வாசிக்க முடிய வேண்டாமா

இருப்பதைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிச் சாவியைத் தொலைத்த கதைதான். எனக்கு அதிகம் கைகொடுப்பவை மூன்று.

பிளேமை மேலே பார்த்தோம். இரண்டாவது, லாக்கில் ஒரு சொல்லைக் கொடுத்து அது எந்தக் கமிட்டில் நுழைந்தது, எதில் மறைந்தது என்று தேடுவது. இதற்குப் பிக்காக்ஸ் என்று பெயர், கடப்பாரை மாதிரி. இன்று எங்குமே இல்லாத ஒரு ஃபங்ஷன் எப்போது போனது என்று பிளேம் சொல்லாது, இருக்கும் வரிகளைத்தான் அதற்குத் தெரியும். போனதைத் தோண்டி எடுக்க இதுதான் வழி.

மூன்றாவது பைசெக்ட். இது எனக்கு இன்னும் மந்திரம் மாதிரித்தான் படுகிறது. கெர்னலில் ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒன்பது, பத்து வாரம் இருக்கும். அதற்குள் 13,000, 15,000 கமிட்டுகள் சேர்வது சாதாரணம். பழைய வெளியீட்டில் வேலை செய்த வைஃபை புதியதில் செய்யவில்லை என்று வையுங்கள். 15,000 பேரில் குற்றவாளி யார்? பைசெக்ட் நடுவில் இருக்கும் கமிட்டை எடுத்துத் தரும். பில்டு செய்து பார்த்து, நல்லது அல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நல்லது என்றால் முன்பாதி முழுக்கக் கழிந்தது, மிச்சம் 7,500. அடுத்த கேள்விக்கு 3,750. பிறகு 1,875. பதினான்கு கேள்விக்குள் ஒரே ஒரு கமிட்டில் வந்து நிற்கும். பத்து லட்சம் கமிட்டுகளை எடுத்துக்கொண்டாலும் இருபது கேள்விதான். வரலாறு இரட்டிப்பானால் வேலை ஒரே ஒரு படி கூடுகிறது. வரலாறு பெரிதாகிவிட்டதே என்று கவலைப்படுபவர்களுக்கு இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுக் காட்டுவேன். நல்லதா கெட்டதா என்று ஸ்கிரிப்ட்டால் சொல்ல முடியுமானால் அதைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம், காலையில் கமிட் எண்ணோடு காத்திருக்கும்.

ஒரு நிபந்தனை: நடுவில் எந்தக் கமிட்டை எடுத்தாலும் அது பில்டு ஆக வேண்டும். "பாதி முடிந்தது", "மறுபடி பாதி", "ஐயோ" என்று வரிசையாகப் போட்டு வைத்தால் பைசெக்ட் அங்கே வந்து முட்டிக்கொள்ளும். அதனால், மெர்ஜுக்கு முன்னால் உங்கள் பிராஞ்ச்சை, அதாவது நீங்கள் தனியே பிரித்து வேலை செய்த கிளையை, சுத்தம் செய்துகொள்ளுங்கள். அரைகுறைகளை ஒன்றாக்கி, ஒரு கமிட்டுக்கு ஒரு காரியம் என்று அடுக்குங்கள். மெர்ஜ் ஆன பிறகு தொடாதீர்கள். ஒரு பிராஞ்ச் முழுவதையும் எப்போதும் ஒரே கமிட்டாக நசுக்கும் பழக்கமும் பல அலுவலகங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று வாரம் வேலை செய்து நாலாயிரம் வரி மாறிய ஒற்றைக் கமிட்டில் பைசெக்ட் கொண்டுபோய் நிறுத்தினால், குற்றவாளி இந்தத் தெருவில்தான் இருக்கிறான் என்று சொன்னது போல.

வாசிக்க முடியாமல் போவதற்கு இன்னொரு காரணம், மொத்தமாக அழகுபடுத்துவது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் சக ஊழியர் ஒருவர் மொத்த நிரலுக்கும் ஃபார்மேட்டர் ஓட்டினார். ஸ்பேஸ் எல்லாம் ஒழுங்கானது. திங்கட்கிழமையிலிருந்து எந்த வரிக்குப் பிளேம் போட்டாலும் அவர் பெயர்தான். அவர் பிறப்பதற்கு முன்பே இருந்த பிழைகளுக்கெல்லாம் அவருக்குத்தான் போன் போகும் என்று கேலி செய்துகொண்டிருந்தோம், உண்மையில் போனும் போனது. இதற்கு வழி உண்டு. 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23இலிருந்து, இந்தக் கமிட்டுகளைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு கோப்பில் எண்களை எழுதிக் கொடுத்தால் பிளேம் அவற்றைத் தாண்டிப் பின்னால் போய்ப் பார்க்கும். அழகுபடுத்தும் கமிட்டில் வேறு எந்த மாற்றத்தையும் கலக்காமல் இருந்தால்தான் இது பயன்படும்.

கோப்பின் பெயர் மாற்றுவதும் அப்படியே. பெயர் மாறியதைக் கிட் எங்கும் எழுதி வைப்பதில்லை. ஒரு கோப்பு போயிருக்கிறது, ஒன்று வந்திருக்கிறது, இரண்டும் பாதிக்கு மேல் ஒத்திருந்தால் பெயர் மாறியிருக்கும் என்று பார்க்கும்போது ஊகிக்கிறது. பெயரையும் மாற்றி உள்ளேயும் நிறைய மாற்றி ஒரே கமிட்டாகப் போட்டால் ஊகம் தப்பும், சங்கிலி அங்கே அறுந்த மாதிரி தோன்றும். முதலில் பெயரை மட்டும் மாற்றி ஒரு கமிட், பிறகு திருத்தம்.

கமிட் செய்தி எழுதுவதைப் பற்றி ஊரே அறிவுரை சொல்கிறது, நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். "காத்திருக்கும் நேரம் 47 ஆக மாற்றப்பட்டது" என்று எழுதியிருந்தால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. 47 ஆனது நிரலிலேயே தெரிகிறது. 45 எங்கிருந்து வந்தது என்பதுதான் வேறெங்கும் கிடைக்காத தகவல்.

கமிட் எண்ணைச் சொல்லும் விதமும் வரலாறு வளர வளர மாறும். 40 இலக்கத்தையும் யாரும் சொல்ல மாட்டார்கள், முதல் ஏழைச் சொல்வது பழக்கம். ஹாஷின் ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 9, a முதல் f என்ற பதினாறு குறிகளில் ஒன்று; ஏழு இலக்கத்தில் சுமார் 26.8 கோடி எண்கள்தான் சாத்தியம். நிறைய மாதிரி தெரிகிறது. ஆனால் ஒரு வகுப்பில் இருபத்துமூன்று பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரப் பாதிக்கு மேல் வாய்ப்பு என்று படித்திருப்பீர்கள் அல்லவா, அந்தக் கணக்கை இங்கே போட்டால் பத்து லட்சம் கமிட்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் ஏழு இலக்கத்தில் மோதிக்கொள்ளும். அதனால்தான் கெர்னலில், ஒரு பிழையைத் திருத்தும்போது அது எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று "ஃபிக்ஸஸ்" வரி எழுதுபவர்கள் குறைந்தது 12 இலக்கம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. நீங்களும் டிக்கெட்டில் எழுதும்போது கொஞ்சம் தாராளமாகவே எழுதுங்கள்.

வெட்டியவர்கள்

வெட்டக்கூடாது என்று இவ்வளவு சொல்கிறேனே, கிட்டை உருவாக்கியவரே முதல் நாளில் வெட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2002 முதல் லினக்ஸ் கெர்னல் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளில் இருந்தது. 2005 ஏப்ரலில் அதன் இலவச அனுமதி நின்றுபோனது. லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட்டை எழுதினார். ஏப்ரல் 7 அன்று கிட்டின் நிரலே கிட்டுக்குள் வந்துவிட்டது. ஏப்ரல் 16 அன்று கெர்னலை அதில் ஏற்றினார், 2.6.12இன் இரண்டாம் முன்வெளியீட்டு நிலையிலிருந்து. அந்த முதல் கமிட்டின் செய்தியிலேயே காரணம் இருக்கிறது: முழு வரலாறும் கையில் இருந்தாலும் சேர்க்கவில்லை, கிட்டுக்குள் கொண்டுவந்தால் சுமார் 3.2 ஜிபி ஆகிறது, ஆரம்ப நாட்களில் அது வீண் சிக்கல், வேண்டுமானால் பின்னால் தனிக் காப்பகமாகச் செய்துகொள்ளலாம். பேக் கோப்பு என்ற ஒன்றே அப்போது கிட்டில் கிடையாது. எல்லாப் பொருளும் தனித்தனியாகக் கிடந்த காலம்.

அந்தக் கமிட்டின் எண் "1டிஏ177" என்று தொடங்கும். கெர்னல்காரர்களுக்கு அது மனப்பாடம். காரணம், பழைய பகுதி எதில் பிளேம் ஓட்டினாலும் கடைசியில் அங்கேதான் போய் முட்டும். ஃபிளாப்பி டிரைவரைத் திறந்து பாருங்கள். 1990களில் யார் யாரோ எழுதிய வரிகள் நூற்றுக்கணக்கில், எல்லாவற்றுக்கும் நேரே டோர்வால்ட்ஸ் பெயர், 2005 ஏப்ரல் 16. எங்கள் ஃபார்மேட்டர் நண்பரின் கதிதான் அவருக்கும். இருபது வருடம் கழித்தும், மிகப் பழைய பிழை ஒன்றைத் திருத்துபவர்கள் "ஃபிக்ஸஸ்" வரியில் அந்த எண்ணையே எழுதுகிறார்கள். பிழை அந்தக் கமிட்டில் நுழைந்தது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அதற்கும் முன்னாலிருந்தே இருக்கிறது, எப்போது என்று இந்த ரெப்போவுக்குத் தெரியாது என்று அர்த்தம். வில்லங்கம் போடும்போது, கணினியில் ஏறிய ஆண்டுக்கு முந்தையது வேண்டுமானால் அலுவலகம் போய்க் கையால் எழுதிய பதிவேட்டைப் புரட்டுங்கள் என்பார்களே, அதே நிலைமை.

ஆனால் டோர்வால்ட்ஸ் வெட்டியதற்கும் நம் மீட்டிங்கில் சொல்லும் வெட்டுக்கும் ஒரு வேறுபாடு. பழையது எங்கும் போய்விடவில்லை. கெர்னல் உருவாக்குநர்களில் ஒருவரான தாமஸ் கிளெய்க்ஸ்னர் அந்தப் பிட்கீப்பர் காலத்து வரலாற்றைக் கிட் வடிவத்துக்கு மாற்றித் தனி ரெப்போவாக வைத்தார், இன்றும் எடுக்கலாம். இரண்டையும் ஒட்டவும் வழி இருக்கிறது. கிட் ரீப்ளேஸ் என்ற கட்டளையில் ஒட்டுப் போடும் வசதி உண்டு, மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுவது போல: இந்தக் கமிட்டுக்கு முந்தையது அந்தக் கமிட் என்று உங்கள் கணினியில் மட்டும் நம்ப வைக்கலாம். எந்த ஹாஷும் மாறாது. நீங்களாகத் தனியே புஷ் செய்தாலொழிய மற்றவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

எல்லோரும் வெட்டவும் இல்லை. ஈமேக்ஸ் என்ற எடிட்டர் 2014இல் கிட் போன்ற இன்னொரு கருவியான பசாரிலிருந்து கிட்டுக்கு வந்தபோது 1985 வரைக்கும் போகும் வரலாற்றைச் சுமந்துகொண்டே வந்தது. ஃபயர்பாக்ஸ்காரர்கள் 2007இல் சிவிஎஸ் என்ற பழைய கருவியிலிருந்து மெர்குரியல் என்ற இன்னொன்றுக்கு மாறும்போது பழையதை விட்டுவிட்டு வந்தார்கள். சிவிஎஸ்ஸைத் தனியே பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் புராஜெக்ட்டும் இன்னும் எஸ்விஎன் என்ற பழைய கருவியில் இருந்து கிட்டுக்கு மாறப் போகிறதென்றால், மாற்றும் வேலையோடு வேலையாக வரலாற்றையும் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கொண்டுவரலாம் என்றால் அதற்குள் பழைய சர்வரை யாராவது அணைத்திருப்பார்கள். முடியவே முடியாது என்றால், பழைய ரெப்போவை எழுத முடியாதபடி பூட்டி வைத்து, புதியதன் முதல் கமிட் செய்தியில் அது எங்கே இருக்கிறது, அதன் கடைசி எண் என்ன என்று எழுதிவிடுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த ஒட்டுப் போட்டுப் பார்த்தேன். பழைய ரெப்போவை எடுத்து, 1டிஏ177க்குப் பின்னால் கட்டி, ஃபிளாப்பி டிரைவரில் மறுபடி பிளேம் ஓட்டினேன். 2005 ஏப்ரலில் முட்டி நின்ற வரிகளில் சிலவற்றுக்கு வேறு ஆட்களின் பெயர்கள் வந்தன. மீதி 2002 வரைக்கும் போய் அங்கே மறுபடி முட்டின, பிட்கீப்பருக்குள் முதன்முதலாக ஏற்றிய அந்த நாளில். அதற்கு அந்தப் பக்கம், 1991 வரைக்கும், ஒவ்வொரு வெளியீட்டையும் மூட்டையாகக் கட்டிய டார் கோப்புகளும் பழைய மெயில்களும்தான்.